எவர் இரவில் எவர் பகல்?

நள்ளிரவு கடந்து மணி இரண்டு. தை மாதப் பனி தரமணிச் சாலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தெருநாய்களும் குரைப்பதை நிறுத்திச் சுருண்டுவிட்ட வேளை. ஆனால், சாலையோரம் எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகையில் ஒரு மாடிகூட இருளவில்லை. உள்ளே, காதிலே கருவி பொருத்தி, கண்ணெதிரே ஒளித்திரை விரிய, ஒரு பெண் பேசத் தொடங்குகிறாள்:

"குட் ஆஃப்டர்நூன்!"

இரவு இரண்டு மணிக்குப் பிற்பகல் வணக்கம்!

அவள் அறியாதவள் அல்லள், பட்டம் பெற்றவள். அவள் கடிகாரமும் பழுதுபட்டதன்று. அவள் பேசுவது நியூயார்க் நகரத்து மனிதர் ஒருவரிடம். அங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. அவர் வாங்கிய பொருளிலே ஏதோ கோளாறு, முறையிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் விடை வரும் என்று விற்றவர்கள் வாக்களித்திருந்தனர். வாக்கு தவறவில்லை; விடை வந்துவிட்டது. அவர் மனநிறைவோடு மாலைக் காப்பி அருந்தச் செல்வார். அவளோ அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பாள்.

வாக்களித்தவர் ஒருவர். வாக்கின் பயனைப் பெற்றவர் மற்றொருவர். அந்த வாக்குக்கு விலையாகத் தன் இரவைத் தந்தவர் மூன்றாமவர். வாக்களித்தவரைப் பாராட்டுகிறோம், நாணயமானவர் என்று. பெற்றவரைப் பாராட்டுகிறோம், உரிமை அறிந்தவர் என்று. மூன்றாமவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

*

"இது அலுவலகக் கால அட்டவணை பற்றிய செய்தி. நிர்வாகிகள் பார்த்துக்கொள்வார்கள். இதிலே அறமும் தத்துவமும் எங்கே வந்தன?" என்று கேட்பவர் உண்டு.

எங்கே வரவில்லை? பண்ணையார் வீட்டுத் திண்ணையை எண்ணிப் பாருங்கள். பட்டுச் சட்டைக்காரர் வந்தால் உடனே நாற்காலி. உழவன் வந்தால் கொல்லைப்புறத்திலே நாள் முழுதும் காத்திருப்பு. எவர் எவரைக் காக்க வைக்கலாம், எவர் எவருக்காக விழித்திருக்க வேண்டும் என்ற கேள்வியிலேதான் ஆதிக்கத்தின் வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அன்று அந்தக் கேள்விக்கு விடை திண்ணையில் இருந்தது. இன்று கால அட்டவணையில் இருக்கிறது. இடம் மாறியதாலேயே கேள்வி மறைந்துவிடாது.

மற்றொரு சாரார் பெருமூச்சு விடுவர்: "என்ன செய்வது? உலகம் உருண்டை. அங்கே பகலென்றால் இங்கே இரவு. இது இயற்கையின் ஏற்பாடு. மனிதன் என்ன செய்ய முடியும்?"

பழைய பல்லவி! மனிதன் செய்த ஏற்பாட்டை மாற்ற மனமில்லாதபோதெல்லாம் பழியை இயற்கையின் மீதோ விதியின் மீதோ சுமத்துவது நெடுநாள் வழக்கம். உலகம் உருண்டை என்பது உண்மை. சூரியன் ஒரே வேளையில் இரு பக்கமும் ஒளிவீச முடியாது என்பதும் உண்மை. ஆனால், நியூயார்க்கின் பிற்பகலுக்குத் தரமணியின் நள்ளிரவே விடை சொல்ல வேண்டும் என்று சூரியன் எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது, மனிதர் கையெழுத்திட்டது.

காலக் கணக்கே மனிதர் வகுத்ததுதான். ஒரு காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரம் இருந்தது. தலைக்கு மேலே சூரியன் வந்தால் அந்த ஊருக்கு நண்பகல். இரயில் வந்தது, ஊருக்கொரு நேரம் உதவாது என்றாயிற்று. 1883 நவம்பர் 18 அன்று அமெரிக்க இரயில்வேக்கள் மண்டலத்துக்கு ஒரு நேரம் என வகுத்துக்கொண்டன. 1884-இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி, கிரீனிச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றன. நம் சென்னைக்கும் ஒரு நேரம் இருந்தது. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தைக் கொண்டு கணித்த அந்த நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. இந்நாட்டு இரயில்கள் அந்தச் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. 1906 சனவரி முதல் நாள், ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னையின் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. எந்த வானமும் இடிந்து விழவில்லை!

இரயிலுக்காக நேரத்தையே மாற்றிக்கொள்ள முடிந்த மனிதனால், மனிதனுக்காக ஒரு வேலைமுறையை மாற்றிக்கொள்ள முடியாதா?

*

முடியும். கணக்குப் போட்டுக் காட்டலாம்.

நாளொன்றுக்கு 24 மணி. ஆளுக்கு 8 மணி. உலகில் மூன்று இடங்களில் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம்: சென்னை, அயர்லாந்தின் டப்ளின், அமெரிக்காவின் டென்வர். சென்னையில் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிக்கிறோம். நாம் எழும்போது டப்ளினில், குளிர்காலக் கணக்கில், பகல் 11.30. அங்குள்ளோர் பொறுப்பேற்று இரவு 7.30 வரை பார்க்கின்றனர். அவர்கள் முடிக்கும்போது டென்வரில் பகல் 12.30. அங்குள்ளோர் இரவு 8.30 வரை பார்க்கின்றனர். அவர்கள் எழும்போது சென்னையில் மறுநாள் காலை 9 மணி!

வட்டம் முடிந்தது. 24 மணி நேரமும் எவரேனும் ஒருவர் விடை சொல்லத் தயாராக இருக்கிறார். எவருடைய நள்ளிரவும் பறிபோகவில்லை. கோடையிலே அந்நாட்டார் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவர்; அப்போதும் எவர் வேலையும் இரவு பத்து மணியைத் தொடாது. சூரியனைப் பின்தொடரும் முறை என்று இதற்குப் பெயர். புதுக் கண்டுபிடிப்பன்று, பெரிய நிறுவனங்கள் சில கையாண்டுவரும் முறைதான். ஓர் அலுவலகம் மற்றதற்குப் பொறுப்பை மாற்றும்போது, எந்த முறையீடு எந்த நிலையில் நிற்கிறது என்பதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். இவ்வளவே கூடுதல் உழைப்பு.

பிறகு ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை?

விடை எளிது, எளிதென்பதாலேயே எவரும் சொல்ல விரும்புவதில்லை. டென்வரின் பகலைவிடச் சென்னையின் இரவு மலிவு! அங்கே ஒருவர் பகலிலே செய்யும் வேலைக்குத் தரும் கூலியில், இங்கே பலர் இரவெல்லாம் விழிப்பர். ஆகவே தடையாய் நிற்பது பூமியின் சுழற்சி அன்று, கூலியின் ஏற்றத்தாழ்வு. வானநூல் என்று நம்மிடம் சொல்லப்படுவது உண்மையிலே வரவுசெலவுக் கணக்கு. அதை அப்படியே சொல்லட்டும், பேசலாம். சூரியனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

*

கணக்கென்று வந்தபின், இத்துறையில் நடமாடும் மற்றொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். விரைவை அளக்கும் கணக்கு அது.

இரவு 7.30 முதல் விடியற்காலை 3.30 வரை, நியூயார்க்கின் அலுவல் நேரத்துக்கு ஒத்து இயங்கும் சென்னை அலுவலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்து முறையீடுகள் வருகின்றன. ஒன்பது நியூயார்க்கிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடத்தில் விடை. பத்தாவது, ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து, சனவரி மாதத்தில், அந்த ஊரின் காலை 9 மணிக்கு எழுதப்பட்டது. சென்னையில் அப்போது விடியற்காலை 3.30, அலுவலகம் மூடும் நேரம். மறுபடி திறப்பது இரவு 7.30-க்கு. பதினாறு மணி நேரம் அந்த மனிதர் காத்திருக்கிறார்.

மாத முடிவில் மேலாளர் சராசரி போடுகிறார். மொத்தம் 1,050 நிமிடம்; பத்தால் வகுத்தால் 105. "எங்கள் விடை நேரம் சராசரி ஒன்றே முக்கால் மணி!" என்று அறிக்கை எழுதுகிறார்.

ஒன்றே முக்கால் மணியில் விடை பெற்றவர் எவர்? ஒருவரும் இல்லை! ஒன்பது பேர் பத்தே நிமிடத்தில் பெற்றனர். ஒருவர் பதினாறு மணி தவித்தார். எவருக்குமே நேராத ஒன்றை எல்லோருக்கும் நேர்ந்ததாகக் காட்டுகிறது சராசரி. கூட்டலும் வகுத்தலும் பிழையில்லை. ஆனால் அறிக்கை உண்மையன்று. பகுத்தறிவாளன் எண்ணைக் கண்டு மயங்க மாட்டான். எண்ணுக்குப் பின்னால் எத்தனை மனிதர், எவ்வூர் மனிதர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேட்பான். வாக்களித்த நேரத்துக்குள் எத்தனை பேருக்கு விடை கிடைத்தது, நெடுநேரம் காத்திருந்தவர் எந்த மண்டலத்தவர் என்று பிரித்துக் காட்டுவதே நேர்மை.

இன்னொரு தந்திரம்: முறையீடு வந்த மறுநொடியே, "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, உங்கள் மீது எங்களுக்குப் பேரன்பு உண்டு" என்று இயந்திரம் ஒரு விடை அனுப்பும். முதல் விடை தந்தாயிற்று என்று கடிகாரத்தை நிறுத்திவிடுவர். கோளாறு அப்படியே கிடக்கும்! கடிகாரத்துக்கு விடை கிடைத்தது; மனிதருக்குக் கிடைக்கவில்லை. அதே இயந்திரம், "எங்கள் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும், நண்பகலுக்குள் ஒருவர் உங்கள் கோளாற்றைப் பார்ப்பார்" என்று சொல்லட்டும், சொன்னபடி நடக்கட்டும். அது வாய்மை. கேட்பவர் அதற்கேற்பத் தம் வேலையை அமைத்துக்கொள்வார். காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் என்று அறியாமல் காத்திருப்பதே கொடுமை.

*

இனி, இரவைத் தருபவரிடம் வருவோம்.

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் எழுப்பிய முழக்கம். அதற்காக 1886-இல் சிகாகோவில் குருதி சிந்தினர். சென்னைக் கடற்கரையில் 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். இந்நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1922-இல் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வரம்பு கட்டியது. 1948-இல் அது நாளுக்கு 9, வாரத்துக்கு 48 என்று குறைந்தது. எத்தனை மணி என்ற கேள்விக்கு விடை காணத் தலைமுறைகள் போராடின.

ஆனால் "எந்த மணி?" என்ற கேள்வியை அவ்வளவு உரக்க நாம் கேட்கவில்லை. அந்த எட்டும் இந்த எட்டும் எண்ணிக்கையில் ஒன்றே, உடலுக்கோ ஒன்றல்ல. உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அறிவியல் கூறுகிறது. அது எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை ஆராய்ந்து கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு தந்தனர். ஒளியையும் இருளையும் கொண்டே அந்தக் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முதலாளியின் அட்டவணையைக் கொண்டன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு முறைப்பணியைப் 'பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவை' என்ற வரிசையில் 2007-இல் வைத்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. இரவு வேலைக்காரருக்கு மருத்துவச் சோதனை, ஈடு, பாதுகாப்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990-இலேயே தனி உடன்படிக்கை வகுத்தது.

உறக்கம் மட்டுமா போகிறது? வீடு விழிக்கும்போது அவள் உறங்குகிறாள். வீடு உறங்கும்போது அவள் புறப்படுகிறாள். தங்கையின் பள்ளி விழா பகலில். தோழியின் திருமணம் பகலில். நூலகம் திறப்பது பகலில். தொழிற்சங்கம் கூடுவதும் மாலையில். ஊரோடு வாழ்ந்தும் ஊரோடு சேராத வாழ்வு! இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அழைப்பு மையங்கள் பலவற்றில் பெயரையும் மாற்றி வைத்தனர்: பகலிலே தமிழ்ச்செல்வி, இரவிலே டெய்சி! தன் நேரத்தையும் தன் பெயரையும் வாசலிலே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமென்றால், அங்கே தன்மானத்துக்கு எந்த நாற்காலி?

*

எதிர்வாதங்கள் உண்டு. நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

"பெண்ணுக்கு இரவிலே என்ன வேலை? அதனால்தான் வேண்டாமென்கிறோம்" என்று நமக்குத் துணைபோல் ஒரு கூட்டம் வரும். அந்தத் துணை நமக்கு வேண்டாம்! தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் செல்லாதென்று தள்ளியது. பாதுகாப்புக்கு நெறிகளும் வகுத்தது. சரியான தீர்ப்பு. ஆணுக்கு ஒரு வானம், பெண்ணுக்கு ஒரு வானம் இல்லை. நாம் கேட்பது, இரவின் சுமை எவர்மீது ஏற்றப்பட்டாலும் அது நீதியாகப் பகிரப்பட வேண்டும் என்பதே.

"மருத்துவமனைத் தாதி விழித்திருக்கவில்லையா? இரயில் நிலையத்தார், தீயணைப்போர் விழித்திருக்கவில்லையா?" விழித்திருக்கின்றனர், அவர்களை வணங்குகிறோம். அங்கே உயிர் காத்திருக்கிறது. இங்கே காத்திருப்பது எது? மருத்துவமனையின் கருவி நின்றுபோயிற்று என்று அழைப்பு வந்தால், நள்ளிரவென்றும் பாராமல் எழுவதே மனிதப் பண்பு. ஆனால் கடவுச்சொல்லை மறந்தவரும், இரசீதிலே பெயர் எழுத்துப் பிழை கண்டவரும் காலை வரை காத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? தேவை வேறு, பொறுமையின்மை வேறு. இரண்டுக்கும் ஒரே விரைவை வாக்களிப்பது சமத்துவமன்று. எது முதன்மை என்று எண்ணிப் பார்க்க மறுக்கும் சோம்பல்.

"அவள் விரும்பித்தானே கையெழுத்திட்டாள்?" ஆம், இட்டாள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பழைய ஆலைத் தொழிலாளியும் உடன்பட்டுத்தான் உள்ளே போனான். பசி பக்கத்தில் நின்று பேனாவைப் பிடித்தால், அந்தக் கையெழுத்து வேலை வேண்டும் என்பதற்குச் சான்று. வேலைமுறை நீதியானது என்பதற்குச் சான்றாகாது.

"இந்த வேலையால்தானே எத்தனையோ வீடுகளில் முதற்பட்டதாரி மாதச் சம்பளம் கண்டான்? தங்கையைப் படிக்க வைத்தான்? கதவை மூடச் சொல்கிறீர்களா?" இதுவே வலுவான வாதம். கதவை மூடச் சொல்லவில்லை. அந்த வருவாயின் அருமையை அறியாதவரல்லர் நாம். கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் உள்ளே நுழைபவர் தன் உடல்நலத்தையும் உறவையும் நுழைவுக் கட்டணமாகத் தர வேண்டும் என்ற விதியைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

"இனி இயந்திரமே விடை சொல்லும், மனிதர் விழிக்கவே வேண்டாம்" என்போரும் இன்று உண்டு. எளிய கேள்விகளை இயந்திரம் ஏற்று, மனிதரை உறங்க விடுமானால் வரவேற்போம். எளியவற்றைத் தான் எடுத்துக்கொண்டு, சினமும் சிக்கலும் நிறைந்தவற்றை மட்டும் இரவுக்காரர் தலையில் கட்டுமானால், சுமை குறைந்ததாகாது.

*

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

இயன்ற நிறுவனம் சூரியனைப் பின்தொடரட்டும். இயலாத சிறு நிறுவனம், இரவை ஒரு சிலர் தலையிலே நிலையாகக் கட்டாமல், மேலாளரும் உட்பட முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். இரவு முறை செய்தவருக்கு அடுத்த நாள் முழு ஓய்வும், உரிய மிகை ஊதியமும், பாதுகாப்பான வண்டியும், மருத்துவச் சோதனையும் சலுகையாக அன்றி உரிமையாகக் கிடைக்கட்டும். உயிருக்கும் பிழைப்புக்கும் இடர் தரும் முறையீட்டுக்கு எந்நேரமும் விடை. மற்றவற்றுக்கு அலுவல் நேரத்தில் விடை என்று வாக்கிலேயே எழுதட்டும். 'நான்கு அலுவல் மணி' என்றால் எந்த ஊரின் அலுவல் மணி என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

கடல் கடந்து முறையிடும் அந்த மனிதர் நம் பகைவர் அல்லர். அவரும் பெரும்பாலும் உழைத்துப் பிழைப்பவரே. கல்லாப் பொறி நின்று, கடை வாசலில் கூட்டம் சேர்ந்து, கையைப் பிசைந்து நிற்கும் சிறு கடைக்காரராக இருக்கலாம். அவருக்கு விடை வேண்டும், கிடைக்க வேண்டும். ஆனால் அந்த விடைக்கு எவர் உறக்கம் விலையாயிற்று என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. சொன்னால், காலை வரை பொறுக்கிறேன் என்று சொல்லும் நெஞ்சம் அவருக்கும் இருக்கும்.

நமக்கும் இருக்க வேண்டும். நாமும் நாள்தோறும் வாடிக்கையாளர்களே! நள்ளிரவில் ஓர் அற்பக் குறைக்காக விரல் துடித்து, "இன்னும் விடை இல்லையே!" என்று சினந்து எழுதுமுன், மறுமுனையில் விழித்திருப்பவர் எவர் என்று ஒரு கணம் எண்ணுவோமா, இளைஞர்களே?

1959-இல் சென்னைக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலை எழுந்தது. பாறையொன்றைப் பெயர்க்கும் நால்வர். ஒருவன் தோளிலே சுமையை ஏற்றிவிட்டு மூவர் வேடிக்கை பார்க்கவில்லை. நால்வரும் சேர்ந்தே உந்துகின்றனர். இரவும் ஒரு பாறைதான். உலகம் உருண்டையாக இருக்கும்வரை அதை எவரேனும் உந்தித்தான் ஆக வேண்டும். எல்லோரும் சேர்ந்து உந்துவதா, மலிவாகக் கிடைத்தவர் தோளிலே ஏற்றிவிடுவதா என்பதே கேள்வி.

சூரியனிடம் இதற்கு விடை கிடையாது. விடை நம்மிடம் இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் தர வேண்டிய விடை அது ஒன்றுதான்.